வாசலைத் தாண்டும் முன்: தீவகத்துச் சுழியோடிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு ஆகிய இடங்களில் சங்கும் கடலட்டையும் எடுத்துப் பிழைக்கும் சுழியோடிகளுக்கும், அவர்களுடைய கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும்,

2021 ஜூன் மாதம் பாவனைக்கு உதவாத பழைய பஸ்களின் கூடுகள் நெடுந்தீவை அண்டிய கடலில் இறக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மீன்கள் தங்கிப் பெருக ஓர் இடம் வேண்டும் என்பது அப்போதைய கடற்றொழில் அமைச்சர் டக்ளஸ் தேவானந்தா காலத்து அத்திட்டத்தின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. இராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் வலை கிழியும், கடல் கெடும் என்று எதிர்த்தார்கள். மீன் பெருகுமா, வலை கிழியுமா என்று இரு கரையிலும் நிறையப் பேசினோம். அந்தக் கூடுகளுக்கு அருகில் முதலில் போய் நிற்கப்போகிறவர் யார் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. மீன் கூடும் இடத்தில் சுழியோடி கூடுவான். சிங்கிறாலும் கலவாயும் அண்டும் இருட்டுக்குள் ஒருநாள் கை நீளும், கையைத் தொடர்ந்து தலை நுழையும். பஸ்கள் மட்டுமல்ல, கைப்பற்றப்பட்டு நம் துறைகளில் ஆண்டுக்கணக்காகக் கட்டிக்கிடந்த தமிழக றோலர்களில் சில நின்ற இடத்திலேயே தண்ணீர் ஏறி அமிழ்ந்தன. பழைய இரும்புக்கும் செம்புக்கும் பித்தளைக்கும் விலை இருக்கும் வரை, அவற்றின் இயந்திர அறைக்குள் இறங்கிப் பார்க்க யாராவது ஓர் இளைஞனை யாராவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த இளைஞனை நினைத்தே இந்த மடலை எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: கடலில் சுழியோடத் தெரிந்திருப்பது ஒரு தொழில், அமிழ்ந்த ஒன்றின் உள்ளே சென்று திரும்பி வருவது வேறொரு தொழில். முதலாவதில் எவ்வளவு தேர்ந்தவரானாலும், இரண்டாவதைத் தனியாகக் கற்காமல் அதன் வாசலைத் தாண்டக் கூடாது.

ஏன் வேறு தொழில் என்பதைச் சொல்ல, நம் கடலின் பழைய வழக்கம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். முத்துக்குளிப்புக் காலத்தில் கல்லில் கால் வைத்து இறங்குகிறவனுடைய கயிற்றைப் படகில் ஒருவன் பிடித்திருப்பான். அந்தக் கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கை அயராது என்பது அந்தக் காலத்தாரின் கணக்கு. சிலிண்டர் வந்ததும் கயிறு போயிற்று. திறந்த கடலில் அது அவ்வளவு பெரிய இழப்பாகத் தெரியவில்லை. காற்றுக் குறைந்தாலோ, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தாலோ, ரெகுலேற்றர் பழுதானாலோ, மனம் பதறினாலோ, சுழியோடி ஒருவனுக்கு எப்போதும் ஒரு விடை இருந்தது: மேலே போ. திசை தெரியாவிட்டாலும் குமிழி மேலே போகும், வெளிச்சம் மேலிருந்து வரும். வருடக்கணக்கான தொழில் அந்த விடையை அவன் உடம்பிலேயே எழுதி வைத்துவிட்டது. ஒரு றோலரின் மீன் அறைக்குள்ளோ, கவிழ்ந்து கிடக்கும் பஸ்ஸின் கூட்டுக்குள்ளோ, ஒரு கப்பலின் தளத்துக்குக் கீழோ நுழைந்த கணத்தில் அந்த விடை செல்லாது. அங்கே மேலே போனால் தலை தகரத்தில் முட்டும். குமிழியும் அங்கேயே சிக்கி நிற்கும். உயிர் காத்துவந்த பழக்கமே அங்கே தவறான திசைக்கு இழுக்கும். அனுபவமுள்ளவரை நான் கூடுதலாக எச்சரிப்பது இதனால்தான். அனுபவம் அவருக்குள் பதித்திருக்கும் முதல் விடை, கூரைக்குக் கீழே உதவாத விடை.

இனிச் சேற்றைப் பற்றி. பாக்கு விரிகுடா ஆழம் குறைந்தது, அடி மணலும் சேறும் கலந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் நீர் எப்படிக் கலங்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திறந்த நீரில் கலங்கல் எழுந்தால் நீரோட்டம் அதை எடுத்துச் சென்றுவிடும். இரண்டு முழம் விலகினால் மீண்டும் கண் தெரியும். அமிழ்ந்த ஒன்றின் உள்ளே நீரோட்டம் இல்லை. ஆண்டுக்கணக்காகப் படிந்த நுண்சேறு மாவு போலக் கிடக்கும். கால்துடுப்பை ஒருமுறை வழக்கம்போல் மேலும் கீழுமாக அடித்தால் போதும், அந்த அறை முழுவதும் பால் போலாகிவிடும், அது அடங்கப் பல மணி நேரம் எடுக்கும். சேறு கீழிருந்து மட்டும் வருவதில்லை. சுழியோடி விடும் குமிழி கூரையில் மோதி, உக்கிய துருவைப் பொலபொலவென்று உதிர்க்கும். உள்ளே போகும்போது பளிச்சென்று தெரிந்த வாசல், திரும்பிப் பார்க்கும்போது இல்லாமலே போயிருக்கும். கையில் எவ்வளவு சக்தியுள்ள டோர்ச் இருந்தாலும், பனிமூட்டத்தில் வாகன விளக்கு போட்டதுபோல் அது வெண்மையைத்தான் காட்டும். ஆகவேதான் உள்ளே செல்லப் பயில்கிறவர்களுக்கு முதலில் கற்றுத்தருவது காலை அடிக்காமல் நகர்வதையும், வயிறு தரையைத் தொடாமல், முதுகு கூரையைத் தொடாமல் நீரில் சமநிலையாக மிதப்பதையும். சங்கு எடுப்பவர் அடியோடு அடியாகத் தவழ்ந்து தேடிப் பழகியவர். அந்தப் பழக்கம் வெளியே திறமை. உள்ளே அதுவே கண்ணைக் கட்டிவிடும்.

கண் கட்டப்பட்டால் மிஞ்சுவது கை. கைக்கு வேண்டியது கயிறு. வாசலுக்கு வெளியே, திறந்த நீரில் ஓரிடத்தில் இறுக்கிக் கட்டி, உள்ளே ஒன்றிரண்டு இடங்களில் மறுபடி கட்டி, அறுந்துபோகாமலும் தொய்யாமலும் கொண்டுசெல்லும் வழிக்கயிறுதான் இந்தத் தொழிலின் உயிர். கண் தெரியாதபோது அதைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வளையமாகப் பிடித்து, இழுக்காமல், அதன் வழியே திரும்பி வர வேண்டும். கேட்க எளிது; கண்ணைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு கரையில் பலமுறையும் பிறகு நீருக்குள் பலமுறையும் பழகாதவருக்கு அந்தக் கயிறே காலைச் சுற்றும் வலையாகிவிடும். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் ஸ்பீகல் குரோவ் என்ற பழைய கடற்படைக் கப்பலை, நம் பஸ்களைப் போலவே மீனுக்கும் சுழியோடிகளுக்குமாக, 2002-இல் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். அந்தக் கப்பலுக்குள் 2007 மார்ச்சில் மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் புதியவர்கள் அல்லர், சுழியோடலில் அனுபவமுள்ளவர்கள். வழிக்கயிறு கட்டாமல் உள்ளே ஆழமாகச் சென்றார்கள், சேறு கிளம்பியது, வாசலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மீன்வளத்துக்காக அரசாங்கமே இறக்கிய பொருள் என்பதால் உள்ளே போவதில் ஆபத்து இராது என்று நம்புகிறவர்கள் இந்த மூவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது காற்று. நம் ஊரில் எல்லோரும் ஒட்சிசன் சிலிண்டர் என்றுதான் சொல்கிறோம். அதற்குள் இருப்பது நாம் கரையில் சுவாசிக்கும் அதே காற்று, ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். பெயர் தவறானால் என்ன என்று தோன்றலாம், ஆனால் அந்தப் பெயர்தான் சிலிண்டரை மருத்துவப் பொருள் போலவும், முதுகில் இருக்கும் வரை பாதுகாப்புப் போலவும் நினைக்க வைக்கிறது. கணக்கைப் பாருங்கள். 11 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரை 200 பார் வரை நிரப்பினால் உள்ளே ஏறத்தாழ 2,200 லீற்றர் காற்று இருக்கும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. நிதானமாக வேலை செய்பவர் நிமிடத்துக்கு 40 லீற்றர் அளவில் செலவழிப்பார். முழுச் சிலிண்டர் 55 நிமிடம் வரும். பதற்றம் வந்தால் மூச்சு மும்மடங்காகும், அதே சிலிண்டர் 18 நிமிடத்தில் முடியும். திறந்த கடலில் 50 பார் மீதியிருக்கும்போது மேலே வருவது நல்ல பழக்கம் என்று கருதப்படுகிறது. கூரைக்குக் கீழே வழி தவறிய ஒருவரிடம் 50 பார் இருந்தால், பதறிய மூச்சில் அது ஐந்து நிமிடம்கூட வராது. அதனால்தான் குகைச் சுழியோடிகள் காற்றை மூன்று பங்காக்கினார்கள்: ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, மூன்றாவது பங்கு எதற்கும் தொடாமல், தனக்கோ கூட்டாளிக்கோ ஏதாவது நேர்ந்தால் எடுப்பதற்கு. 200 பாரில் இறங்கியவர் மானி 135-க்கு வந்ததும், கண்ணுக்கு முன்னால் தங்கமே இருந்தாலும், திரும்ப வேண்டும். மானியே பார்க்காமல், காற்று இழுபட மறுக்கும்போது மேலே வரும் பழக்கம் உலகெங்கும் உழைப்புச் சுழியோடிகளிடம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு உள்ளே போகிறவருக்குக் காற்று மறுக்கும் இடம் கூரைக்குக் கீழே இருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்று தெரியும்: எங்கள் கடல் ஆழமில்லாதது, மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கும் ஹெர்மிஸ் போர்க்கப்பலுக்குப் போகிற வெளிநாட்டுக்காரருக்குத்தானே இந்தக் கவலையெல்லாம்? 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பலுக்கு இறங்குவது ஆழத்தின் பிரச்சினை, அதற்குத் தனி வாயுக் கலவையும் தனிப் பயிற்சியும் வேண்டும், உண்மைதான். ஆனால் கூரையின் பிரச்சினை ஆழத்தைக் கேட்டு வருவதில்லை. எட்டு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டவருக்கு மேலே எட்டு மீற்றர்தான் தண்ணீர், ஆனால் இடையில் ஒரு தகரம். ஆழம் குறைந்த இடத்துக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. அமுக்கம் விகிதத்தில் மிக அதிகமாக மாறுவது கடைசிப் பத்து மீற்றரில்தான். பதறி வெளியே வந்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால், நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதைக் கிழிக்கும். குமிழி இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகும். இதற்கு ஓரிரு மீற்றர் ஆழமே போதும். பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம் திறந்துதானே இருக்கின்றன என்றும் சிலர் சொல்லக்கூடும். முதுகில் சிலிண்டரைக் கட்டிய மனிதன் நுழையும் அளவுக்கு அந்த ஜன்னல்கள் இல்லை. மெல்லிய தகரத்தை உப்புநீர் தின்னும் வேகமும் நீங்கள் அறிந்ததே. அமெரிக்காவின் நியூ ஜேர்சிக் கடலில் 2008-இல் மீன்களுக்காக இறக்கிய துருப்பிடிக்காத உருக்கு ரயில் பெட்டிகள் பெரும்பாலும் சில மாதங்களிலேயே இடிந்து விழுந்தன. சென்ற வருடம் உள்ளே போய் வந்தேன் என்பது இந்த வருடத்துக்கு அத்தாட்சி ஆகாது.

நம் கடலுக்கே உரிய ஓர் ஆபத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் இழுவைமடித் தொழில் 2017-இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் எல்லை தாண்டி வரும் றோலர்களின் மடிகள் நம் கடலடியை வாரிக்கொண்டுதான் இருக்கின்றன. அடியில் நிற்கும் எந்தக் கூடும் அந்த மடியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அறுந்து சுற்றிய நைலோன் வலை கலங்கிய நீரில் கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டரின் வால்வில் அது மாட்டினால் முதுகுக்குப் பின்னால் கை எட்டாது. உள்ளே போகிறவரிடம் இரண்டு வெட்டுக் கருவிகள் வேண்டும், இரண்டும் எந்தக் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கூரையின் கீழே வெள்ளிபோல் மின்னும் காற்றுப் பைகளைப் பற்றியும் ஒரு சொல்: முன்பு வந்தவர்கள் விட்ட மூச்சும், துருவேறும் இரும்பு ஒட்சிசனை உறிஞ்சிய பின் மிஞ்சியதும், எண்ணெய் ஆவியும் கலந்து அது இருக்கலாம். ரெகுலேற்றரை வாயிலிருந்து எடுத்து அதில் ஒரு மூச்சு இழுத்தால், மயங்குவதற்கு முன் அபாயம் என்று உணரக்கூட நேரமிராது.

மிகப் பெரிய மறுப்பு பரம்பரையைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் இறங்கியவர்களுக்குக் கற்றுத்தர வந்துவிட்டார்கள் என்ற கோபம் இயல்பானது. உங்கள் கடலறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அம்பாந்தோட்டைக்கு அருகில் கொடவாயக் கடலில் 30 மீற்றருக்கும் கீழே கிடந்த, இரண்டாயிரம் ஆண்டு பழமையான கப்பலை 2003-இல் உலகத்துக்குக் காட்டியவர்கள் சங்கு எடுக்கும் சுழியோடிகள்தாம், பட்டம் பெற்ற ஆய்வாளர்கள் அல்லர். ஆனால் ஒரு திறமை இன்னொன்றாக மாறிவிடாது என்பதற்குத் தாய்லாந்து சாட்சி. 2018-இல் தாம் லுவாங் குகைக்குள் வெள்ளத்தில் சிக்கிய பன்னிரண்டு சிறுவர்களையும் பயிற்றுநரையும் தேடி அந்த நாட்டுக் கடற்படையின் தேர்ந்த சுழியோடிகள் இறங்கினார்கள். உடல் வலுவிலும் துணிவிலும் அவர்களுக்கு யாரும் குறைவு சொல்ல முடியாது. ஜூலை 6-ஆம் திகதி, குகைக்குள் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில், அந்தப் படையின் முன்னாள் வீரர் சமன் குணான் காற்று முடிந்து உயிரிழந்தார். நான்கு நாட்களுக்கு முன் சிறுவர்களைக் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜோன் வொலன்தன் என்ற இரு பிரித்தானியர்கள். இருவரும் படைவீரர்கள் அல்லர்; ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்புப் படையாளர், மற்றவர் கணினித்துறைக்காரர். அவர்களிடம் இருந்த ஒரே மேன்மை, குறுகிய, இருண்ட, கூரையுள்ள நீரில் மட்டுமே பல ஆண்டுகள் பழகியிருந்தது. அமெரிக்கக் குகைச் சுழியோடி ஷெக் எக்ஸ்லி, குகைகளில் இறந்தவர்களின் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979-இல் ஒரு சிறு நூல் எழுதினார். வாசல்வரை அறுபடாத கயிறு இல்லாமை, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்காமை, அளவுமீறிய ஆழம் என்ற மூன்றும் அவற்றில் திரும்பத் திரும்ப வந்தன. பின்னாளில் இந்தப் பட்டியலின் தலையில் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: இறந்தவர்களில் பெரும்பாலோர் இதற்கெனப் பயிலாதவர்கள். அவர்களிலும் திறந்த நீரில் கைதேர்ந்த பலர் இருந்தார்கள், பிறருக்குக் கற்றுத்தருபவர்களும் இருந்தார்கள்.

உயிர் காக்க இறங்குகிறவனிடம் விதி பேசலாமா என்பது எனக்கு விடை சொல்லக் கடினமான கேள்வி. குறிகாட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஓடும் பயணிகள் படகுக்கு ஏதாவது நேர்ந்தால், முதலில் கூப்பிடுவது கரையில் நிற்கும் சுழியோடிகளைத்தான் என்று நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். அந்த நேரத்தில் உள்ளே ஆள் இருக்கிறான் என்று கத்துகிற கூட்டத்துக்கு முன்னால் நின்று, நான் பயிற்சி பெறாதவன் என்று சொல்வதற்கு மிகுந்த மனவலிமை வேண்டும். ஆனாலும் சொல்கிறேன். 2014 ஏப்ரலில் தென்கொரியாவின் செவோல் கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்தபோது, உடல்களைத் தேடி உள்ளே இறங்கிய சுழியோடிகளும் அடுத்த சில வாரங்களில் உயிரிழந்தார்கள். கவிழ்ந்த படகுக்கு வெளியே செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு: மிதப்பவர்களை எடுப்பது, ஜன்னலூடாகக் கைக்கு எட்டுபவரை இழுப்பது, படகு மேலும் சரியாமல் கட்டுவது, உள்ளே இருப்பவர் தட்டும் ஓசையைக் கேட்டு இடத்தைக் குறிப்பது. இவற்றை ஒழுங்காகச் செய்தாலே பல உயிர்கள் மிஞ்சும். உள்ளே போக வேண்டிய வேலைக்கு ஒவ்வொரு தீவிலும் பயின்ற இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கேள்வி நம்மை வற்புறுத்துகிறது. பயிலாதவரை உள்ளே அனுப்பும் நியாயம் அதில் இல்லை.

காசு எங்கே என்று கேட்பீர்கள். சர்வதேச அமைப்பொன்றின் சான்றிதழுக்குத் திருகோணமலைக்கோ தெற்குக்கோ போய்ப் பல நாட்கள் தங்குவது, கடலுக்குப் போகாத நாள் உலை ஏறாத நாளாக இருக்கும் வீட்டுக்கு எளிதல்ல. பாடமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இந்தக் கேள்வி நேர்மையானது, ஆனால் இதற்கு உரியவர் தனி ஒருவர் அல்லர். ஹொண்டுராஸ் நாட்டின் மிஸ்கித்தோ இனத்தார் உங்களைப் போலவே சிலிண்டர் கட்டிச் சிங்கிறால் எடுப்பவர்கள். சரியான கருவியும் பயிற்சியும் இல்லாமல் ஒரே நாளில் பலமுறை ஆழத்துக்கு இறக்கப்பட்டு, உடலில் கரைந்த நைதரசன் குமிழியாகி, கால் விளங்காமற் போனவர்கள் அங்கே ஏராளம். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களும் இறந்தவர்களுமான 42 பேரின் வழக்கில், அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2021 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. அந்தத் தொழிலை மேற்பார்வை செய்யும் கடமை அரசுக்கு உண்டு என்றும், அரசு அதில் தவறியது என்றும் அது சொன்னது. சங்குக்கும் அட்டைக்கும் அனுமதிப்பத்திரம் கொடுத்துக் கட்டணம் வாங்குவது நம் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம். பஸ்களைக் கடலில் இறக்கியதும் அமைச்சின் திட்டம். ஆகவே பயிற்சியைத் தமிழில், தீவகத்திலேயே, தொழில் குறைந்த மாதங்களில், நாட்கூலி இழப்பை ஈடுசெய்து நடத்தித்தரும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது. இறக்கப்பட்ட ஒவ்வொரு கூட்டின் இடத்தையும் ஆழத்தையும் குறித்த வரைபடத்தையும், நீருக்கு மேலே தெரியும் மிதவையையும் சேர்த்தே கேளுங்கள்.

கற்றுத்தர ஆள் இல்லாமல் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் 1942-இல் குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் அமிழ்த்தப்பட்ட சகாயிங் என்ற கப்பலைக் கடற்படைச் சுழியோடிகள் பல மாதம் நீருக்குள் வேலை செய்து 2018 மார்ச்சில் மேலே கொண்டுவந்தார்கள். காலியில் 2001 முதல் இயங்கிய கடல்சார் தொல்லியல் பிரிவு, 1659-இல் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பலில் உள்ளூர் இளைஞர்களையே பழக்கி வேலை செய்தது. கடற்படை என்ற சொல்லைக் கேட்டதும் தீவகத்தில் எழும் தயக்கத்தை நான் அறியாதவன் அல்லன்; அந்தத் தயக்கத்துக்கு இருக்கும் காரணங்கள் கற்பனையும் அல்ல. ஆனால் நைதரசன் நோய்க்கு வைத்தியம் செய்யும் அமுக்க அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. நெடுந்தீவில் கால் மரத்துப்போன ஒருவரை முதலில் படகிலும் பிறகு தரைவழியாகவும் அங்கே சேர்ப்பதற்குள் பொன்னான மணித்தியாலங்கள் கழிந்துவிடும். அந்த வழி எது, யாரை அழைப்பது, வழியில் எந்த மருத்துவமனையில் ஒட்சிசன் கொடுப்பார்கள் என்பதை நோய் வருமுன் எழுதி வைத்திருக்க வேண்டும். யாரிடம் பயில்வது என்பதைச் சங்கங்கள் கூடித் தீர்மானிக்கட்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் முறையாகப் பயின்று சான்றிதழ் பெற்ற தமிழ்ச் சுழியோடிகளையும் கேட்கலாம். பள்ளிக்கூடமும் கோயில் திருப்பணியும் செய்து தரும் ஊர்ச் சங்கங்கள் இதற்கும் கை கொடுக்கும் என்று நம்புகிறேன்.

பயிற்சி என்று நான் சொல்வதன் அளவையும் சொல்லிவிட வேண்டும். பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு அமிழ்ந்த கப்பல்களைப் பற்றிப் பாடி (PADI) என்ற பயிற்சி நிறுவனம் நடத்தும் பாடம் இரண்டு நாளும் நான்கு முழுக்கும்தான். அதை முடித்தவரும் வெளிச்சம் தெரியும் தூரத்துக்கு மேல் உள்ளே போக அனுமதி இல்லை. நீர்மட்டத்திலிருந்து இறங்கிய ஆழமும் உள்ளே சென்ற தூரமும் சேர்ந்து 40 மீற்றரைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டு முழுக்குகளில் பெரும்பகுதி உள்ளே போகாமல் வெளியே சுற்றிப் பார்த்து, ஆபத்துகளைக் குறித்து, படம் வரைவதில் கழியும். அதற்கு மேலே போக வேண்டுமானால் இரட்டைச் சிலிண்டர், தனித்தனி ரெகுலேற்றர், மூன்று விளக்கு, காற்றைப் பகிர்ந்தபடியே கண் தெரியாமல் கயிற்றைப் பிடித்து வெளியே வரும் ஒத்திகை என்று அது மாதக்கணக்கில் நீளும். இரண்டு நாளில் சான்றிதழ் வாங்கியவர் உள்ளே போகத் தகுதி பெற்றுவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இரண்டு நாளின் மதிப்பு, தனக்கு எது தெரியாது என்பதை அது தெளிவாகக் காட்டிவிடுவதில் இருக்கிறது.

ஆகவே சங்கங்களிடம் என் கோரிக்கை இது. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுங்கள்: இதற்கெனப் பயிலாத எந்த உறுப்பினரும் அமிழ்ந்த படகு, பஸ், கப்பல் எதன் வாசலையும் தாண்டுவதில்லை; யாருடைய கூலிக்காகவும், யாருடைய வற்புறுத்தலுக்காகவும் தாண்டுவதில்லை; அப்படி மறுத்தவரை எந்த முதலாளியும் தொழிலிலிருந்து நீக்கினால் சங்கம் அவர் பக்கம் நிற்கும். இந்த மூன்றாவது வரி இல்லாமல் முதல் இரண்டுக்கும் பலமில்லை, ஏனென்றால் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனால் படகின் சொந்தக்காரரிடம் தனியாக நின்று முடியாது என்று சொல்ல முடியாது. தீர்மானத்தை எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். இன்னொரு பிரதியைப் படகுகள் புறப்படும் துறையில், இளைஞர்கள் சிலிண்டர் நிரப்பும் இடத்துச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள்.